அரியலூர்ச் சிப்பியைக் கொண்டு பழங்கடலின் வெப்பநிலையை அறிய முடியுமா?

கோத்தகிரி ஆசிரியை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். நீலகிரியின் சார்னோக்கைட் என்னும், ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறையில் புதைபடிவங்களுக்கு வழியில்லை என்பதால், அரியலூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த தடித்த சிப்பி ஒன்றையும் அம்மோனைட் (கணவாயின் உறவான, அழிந்துபோன சுருளோட்டு உயிர்) ஒன்றையும் மாணவர்களுக்குக் காட்டினேன். ஓட்டிலுள்ள வேதித் தடயங்களிலிருந்து அந்தக் கடலின் வெப்பநிலையையும், எந்த உயிர் எதை உண்டது என்பதையும் அறியலாம் என்கிறார்களே, அது எவ்வாறு? இவ்விரண்டில் எது அதற்கு ஏற்றது?

குன்னூர் நிலவியலாளர்:
வணக்கம் அம்மா. சிப்பி தன் ஓட்டைக் கால்சியம் கார்பனேட்டால் அடுக்கடுக்காகக் கட்டும்போது, நீர் குளிர்ந்திருந்தால் ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18 அதில் சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது. ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சிக்கு, இயல்பான ஆக்சிஜன்-16உடனான அதன் விகிதம் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரும். அமெரிக்க வேதியியலாளர் ஹரால்ட் யூரி 1947இல் இதற்கு அடித்தளமிட்டார். 1951இல் அவருடைய குழுவினர் ஜுராசிக் காலப் பெலம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிர்) ஒன்றின் வளர்ச்சி வளையங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி அளந்து, இளமைக்குப் பின் அது மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டது என்று கூறியது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. ஆனால் ஆற்றுநீர் கலந்த கடலிலும் ஆக்சிஜன்-18 குறையுமாதலால், கழிமுகத்துச் சிப்பி வெந்நீரில் வாழ்ந்ததுபோலத் தோன்றிவிடும்.

உங்களிடமுள்ளவற்றில் சிப்பியே ஏற்றது. அம்மோனைட்டின் ஓடு அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் நிலைப்பு குறைந்த படிக வடிவம்; அது காலப்போக்கில் நிலையான வடிவமான கால்சைட்டாக மாறுகையில் நிலத்தடி நீரின் தடயம் உள்ளே புகுந்து, கடலின் தடயத்தை அழித்துவிடும். சிப்பியின் ஓடு தொடக்கத்திலேயே கால்சைட் என்பதால் நன்றாகத் தாங்கும். உடைந்த விளிம்பைக் கைலென்ஸில் பாருங்கள்: மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பளபளத்தால் நல்ல அறிகுறி, சர்க்கரைப் பரல்போல மினுங்கினால் அது பின்னாளில் மீண்டும் படிகமாகி மூலத் தடயத்தை இழந்தது. உறுதிசெய்ய ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

கொடைக்கானல் வாசகர்:
உணவுச் சங்கிலி பற்றி ஒரு சொல். உண்ணும் உயிரின் உடலில் நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 ஒவ்வொரு படியிலும் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கூடும். ஓட்டினுள் சிறைப்பட்ட புரதத்தில் அதை அளப்பார்கள். நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி சங்கிலியின் அடிமட்டத்தைக் காட்டுகிறது. அதே கடலின் ஊனுண்ணி நத்தைகளை அதனுடன் ஒப்பிட்டால் படிகள் புலப்படும். சில ஆயிரம் ஆண்டுப் பழமையான ஓடுகளில் இது நன்கு பயன்படுகிறது. உங்கள் அரியலூர்ச் சிப்பி போன்ற, டைனோசர்களின் இறுதிக் காலமான கிரிட்டேசியஸ் காலச் சிப்பியில் மூலப் புரதம் பெரிதும் சிதைந்திருக்கும். அங்கே ஓட்டில் நத்தை துளைத்த வட்டத் துளையே நம்பத்தக்க சாட்சி. மாணவர்களிடம் முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. விளிம்பில் தகடுகள் தெளிவாகத் தெரிகின்றன. இரு ஓடுகளும் இணையும் கீல் அருகே பரல்போல இருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் எங்கே மாதிரி எடுக்கச் சொல்வது?

குன்னூர் நிலவியலாளர்:
கீலின் பரல் பகுதியை விட்டுவிட்டு, தகடு கெடாத பகுதியில் வளர்ச்சிக் கோடுகளுக்குக் குறுக்காக வரிசையாக எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. ஒரே இடத்தில் எடுத்தால் ஏதோ ஒரு பருவம் மட்டுமே கிடைக்கும்.