66 வயதில் படுக்கையில் படிப்பது: கழுத்து, கண், விரல் மூன்றும் மறுக்கின்றன. எதை முதலில் மாற்றுவது?

கேள்வி

இரவில் ஒரு மணி நேரமாவது படுக்கையில் படிக்க வேண்டும். கண்ணாடி ப்ரோக்ரெஸிவ் (மேலிருந்து கீழாகத் தூரப் பவர் படிப்படியாகப் படிக்கும் பவராக மாறுவது). தலைக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்தால் பத்தே நிமிடத்தில் பிடரி இழுக்கிறது. மல்லாந்து படுத்துப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. ஒருக்களித்தால் கண்ணாடி கோணிக்கொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து படிக்கலாமே என்று சொல்ல வேண்டாம். கட்டிலிலேயே இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1

உண்டு. ஆனால் தலையணையைத் தொடுவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள். ப்ரோக்ரெஸிவில் படிக்கும் பவர் இருப்பது கண்ணாடியின் கீழ்ப்பகுதியில். சாய்ந்து படுத்துப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கும்போது பார்வை போவதோ நடுப்பகுதி வழியாக. எழுத்து மங்கும். கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும்; பின்னால் இருக்கும் தலையணை அதற்கு விடாமல் தலையை முன்னால் தள்ளும். இந்த இழுபறியில் மாட்டிக்கொள்வது பிடரி. மேலே தூரம், கீழே படிப்பு என்று இரண்டே பவர் உள்ள பைஃபோகலிலும் இதே கதைதான்.

படுக்கைக்கென்று தனியாக, முழுக்கப் படிக்கும் பவர் மட்டுமே உள்ள கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதற்கு ஓர் அளவு தேவை. வசதியாகச் சாய்ந்து, கை இயல்பாக நிற்கும் இடத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து பக்கம் வரை வேறொருவர் டேப்பால் அளக்கட்டும். இந்த வயதில் கண்ணின் லென்ஸ் தானாகக் குவியும் திறனை ஏறக்குறைய முழுதாக இழந்திருக்கும் என்பதால் தூரம்தான் பவரை முடிவு செய்கிறது. 40 செ.மீ. என்றால் தூரப்பார்வைப் பவரோடு 2.50 கூட வேண்டும், 50 செ.மீ. என்றால் 2.00. பத்து செ.மீ. மாறினாலே அரை பவர் மாறுகிறது, பாருங்கள். கண் பரிசோதனையின்போது இந்த அளவைச் சொல்லுங்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தாலோ, சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லாததற்குத் தரும் பவர்) இருந்தாலோ, கடையில் ஆயத்தமாகத் தொங்கும் கண்ணாடி ஒத்துவராது.

பதில் 2

கண்ணாடி பற்றிச் சொன்னது சரி. இனி உடம்பு. தலைக்கு மட்டும் தலையணை அடுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இடுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

முதலில் கெட்டியான திண்டு அல்லது ஆப்பு வடிவ ஃபோம் ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையோடு ஒட்டி வைத்து, பிட்டம் அதைத் தொடும்வரை பின்னால் நகருங்கள். இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் போதும், கொஞ்ச நேரத்தில் உடம்பு வழுக்கி இறங்கி முதுகு வளைந்துவிடும். திண்டு இடுப்பு முதல் தோள்பட்டை வரை தாங்க வேண்டும். சாய்வு 45 டிகிரி அளவில் இருக்கட்டும். பஞ்சுத் தலையணை இதற்கு ஆகாது, அரை மணியில் அமுங்கிவிடும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கட்டாயம். அது வழுக்குவதையும் தடுக்கும், தொடையின் பின்தசை இடுப்பை இழுப்பதையும் குறைக்கும். தலைக்குச் சின்னத் தலையணை ஒன்றே போதும். அது கழுத்துக் குழிவில் உட்கார வேண்டும், பின்மண்டையில் அல்ல. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைமுஷ்டி நுழைந்தால் கழுத்து சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கைக்கு ஒரே விதி: புத்தகத்தின் எடை கையில் இருக்கக் கூடாது. மடியில் ஒரு தலையணை, அதன்மேல் கிளிப் வைத்த எழுதும் அட்டை, அதில் புத்தகம். முழங்கை இரண்டுக்கும் பக்கத்தில் முட்டுக் கொடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று முக்கால் கிலோ, ஒரு கிலோகூட வரும். அதை விரித்துப் பிடிக்கும் கிள்ளுப்பிடியில் சுமை முழுவதும் கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்குகிறது.

மரத்துப்போவது எந்த விரல் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், முழங்கையை வெகுநேரம் மடக்கி வைத்ததால் அங்கே ஓடும் நரம்பு இழுபடுகிறது. கையை நீட்டி வைத்தாலே குறையும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. பகலிலும் அது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதில் 3

வெளிச்சத்தை யாருமே சொல்லவில்லையே. 60 வயதில் கண்ணின் பாப்பா (ஒளி நுழையும் நடுத்துளை) சுருங்கி, லென்ஸும் மஞ்சளேறிவிடுவதால், விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தமிழ் எழுத்தில் இது இன்னும் தொல்லை. மங்கலில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும்.

மேற்கூரை விளக்கு படுத்திருப்பவர் கண்ணில்தான் அடிக்கும், பக்கத்தில் விழாது. பால் நிறக் கண்ணாடி போட்ட, 500 முதல் 800 லூமன் (பல்பு தரும் ஒளியின் அளவு) தரும் எல்.இ.டி. பல்பு ஒன்றை மூடி போட்ட விளக்கில் மாட்டி, தோளுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் வையுங்கள். படுத்த நிலையில் பல்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. போதவில்லையென்றால் பல்பை மாற்றுவதற்கு முன் விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். புத்தகத்தில் கவ்வும் குட்டி விளக்குகள் நடுவில் கூசி, ஓரத்தில் இருட்டாகவே இருக்கும். இவ்வளவு செய்தும் எழுத்து வெளிறி, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் கண்புரை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கிண்டில் போன்ற மின்புத்தகக் கருவி 200 கிராம் அளவுதான், கைக்குப் பெரிய நிம்மதி. எழுத்தை ஒரு வரிக்கு ஐந்து சொல் வரும்படி பெரிதாக்குங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கசிந்ததுபோலத் தெரியும். மங்கிய வெள்ளைப் பின்னணியே மேல்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மல்லாந்து படுத்தே படிக்க, வளையும் தண்டு ஸ்டாண்டை முகத்துக்கு மேலே மாட்டலாமா? ஒருக்களித்துப் படிக்கவே கூடாதா?

பதில் 2

முகத்துக்கு நேர் மேலே வேண்டாம். தொடும்போதெல்லாம் தண்டு ஆடும், கவ்வி தளர்ந்தால் விழுவது முகத்தில். தவிர, மேலே பார்க்கும்போது இமை அகலத் திறந்திருப்பதால் கண் சீக்கிரம் உலர்ந்துவிடும். படிக்கும்போது இமைப்பதே குறைவு, அதோடு ஃபேன் காற்றும் நேராக அடித்தால் எரிச்சல்தான். முழுக்க மல்லாந்துதான் படுக்க வேண்டுமென்றால் ப்ரிஸம் கண்ணாடி இருக்கிறது. பார்வையை 90 டிகிரி திருப்பி, வயிற்றின்மேல் நிற்கும் புத்தகத்தைக் காட்டும். பவர் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். மூக்கில் கனக்கும், காட்சி குறுகலாக இருக்கும். போட்டபடி எழுந்து நடக்கவே கூடாது.

ஒருக்களிக்கலாம். தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரத்தில் தலையணை இருக்கட்டும். கண்ணாடியின் காம்பு தலையணையில் அழுந்தாதபடி தலையை அதன் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். கையைத் தலைக்கு அடியில் மடக்க வேண்டாம். செல்பேசியில் படித்தால் திரை தானாகத் திரும்புவதை நிறுத்திவிடுங்கள். ஒரு கண் தலையணையில் மூடியபடி இருட்டில் திரையைப் பார்த்தால், எழுந்ததும் படித்த கண் சில நிமிடம் மங்கலாகத் தெரியலாம். இரண்டு கண்ணாலும் படித்து, அறையில் விளக்கும் இருந்தால் அது வராது. அப்படிப் படிக்காதபோதும் ஒரு கண் திடீரென்று மங்கினால் அன்றே, அப்போதே மருத்துவரிடம் போங்கள்.