ஸ்விஃப்ட் காரைத் தாழ்த்தினால் பயணச் சொகுசு எவ்வளவு குறையும்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். என் 2019 ஸ்விஃப்ட் காரின் தரை இடைவெளி 163 மி.மீ.; அதில் 30 மி.மீ. தாழ்த்த விரும்புகிறேன். வள்ளியூர் வழியாக நாகர்கோவில் செல்லும் நான்குவழிச் சாலையில் வேகமாகத் தடம் மாறும்போது வண்டி சாய்வது குறைய வேண்டும் என்பதே நோக்கம் (அழகுக்காக இல்லை என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை).

ஸ்பிரிங்கை வெட்டியே குட்டையாக்கித் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். அதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இதற்கெனச் செய்யப்படும் குட்டை ஸ்பிரிங்கை, ஏறி இறங்கும் தூரம் குறைவதால் அடிவரை போய் முட்டாதிருக்கக் கடினமாகவே அமைக்கிறார்கள் என்றும், பழைய ஷாக் அப்சார்பர் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் வண்டி துள்ளும் என்றும் அறிவேன். பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டைகளும் இருந்தால், அம்பாசமுத்திரம் சாலை வேகத்தடைகளில் இப்போதே பின்பக்கம் 'டொக்'கென்று ஸ்பிரிங்கின் எல்லையிலுள்ள தடுப்பு ரப்பரில் இடிக்கிறது. அவ்வளவு பாரத்துக்கு அது இயல்புதான், ஆனால் தாழ்த்திய பிறகு என்னவாகும்?

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியவர்களும், ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றியவர்களும் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். முதுகுவலியுள்ள என் அம்மா பாபநாசம் வரை பின்னிருக்கையில் சிரமமின்றி வர முடியுமா என்பதே முதன்மையான கேள்வி. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முன்னிட்டுக் காப்பீட்டில் எவருக்கேனும் சிக்கல் எழுந்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.