கேஸும் கரண்டும் சேர்ந்த குக்கிங் ரேஞ்ச்: யாரை வைத்து மாட்டுவது?

வணக்கம். வேளச்சேரியில் அபார்ட்மெண்ட் வீடு. லண்டனிலிருந்து சாமான்களோடு திரும்பிய நாத்தனார் தன் குக்கிங் ரேஞ்சை எங்களுக்கே கொடுத்துவிட்டார். மேலே நாலு கேஸ் பர்னர், கீழே கரண்ட் ஓவன். பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது, மாட்டத்தான் ஆள் இல்லை.

பின்பக்க லேபிளில் ‘ஜி20, 20 மில்லிபார்’ என்று போட்டிருக்கிறது. அதாவது இயற்கை எரிவாயுவுக்கானது. நம் சிலிண்டர் ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார் அழுத்தம். ஜெட்டை (பர்னருக்குள் கேஸை விடும் சிறு துளையுள்ள திருகு) மாற்றாமல் பற்றவைத்தால் தீ மஞ்சளாக எழும்பிப் பாத்திரமெல்லாம் கரிதான். துளை சிறிதாக உள்ள எல்பிஜி ஜெட்டுகள் ஒரு கவரில் கூடவே வந்திருக்கின்றன. அதோடு சிம் அளவுக்கான திருகையும் சரிசெய்ய வேண்டும். கேஸ் ஏஜென்சி ஆளோ, “சாதா அடுப்புன்னா மாட்டித் தரேன் மேடம், இது நம்ம வேலை இல்ல” என்று போய்விட்டார்.

இன்னொரு தலைவலி: கேஸ் வாய் சரியாக ஓவனின் முதுகில். ரப்பர் டியூப் அந்தச் சூட்டில் கிடப்பதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. செம்புக் குழாய் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

ஓவன் 2.9 கிலோவாட், கிட்டத்தட்ட 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஆனால் அதே லைனில்தான் ஃபிரிட்ஜும் ஓடுகிறது. தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) கேட்பது சரிதானே?

ஜெட் மாற்றி, கசிவும் சோதித்துத் தரும் ஆள் தென்சென்னைப் பக்கம் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ப்ளீஸ்.