முகவர்களுக்காக ஓடைப் படிப்பானுக்கு ஆவணம் எழுதிய அனுபவம்

கட்டளை வரியில் இயங்கும் சிறிய செய்தியோடைப் படிப்பான் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். செய்தியோடை என்பது, ஒரு தளம் தன் புதிய பதிவுகளை நிரல்கள் எடுத்துப் படிக்கும்படி வெளியிடும் பட்டியல். ஓடைகளைச் சேர்ப்பது, புதுப்பிப்பது, படிக்காத பதிவுகளைப் பட்டியலிடுவது, படித்ததாகக் குறிப்பது என்று அது செய்யும் வேலைகள் நான்கைந்துதான். மனிதர்களுக்காக எழுதிய பயன்பாட்டுக் குறிப்பே போதும் என்று எண்ணி, கருவிகளைத் தானே இயக்கி வேலை செய்யும் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரிடம் அதை அப்படியே கொடுத்து, நாள்தோறும் காலையில் சுருக்கம் தரும்படி சொல்லியிருந்தேன். குறிப்பிட்ட ஓர் ஓடையில் புதிய பதிவு எதுவும் இல்லை என்று ஐந்து நாட்கள் தொடர்ந்து அது சொல்லி வந்தது. ஆறாம் நாள் நானே அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தபோது நான்கு பதிவுகள் வந்திருந்தன. ஓடையின் முகவரி மாறிவிட்டதால் தளத்தின் வழங்கி (சர்வர்) 404, அதாவது கேட்டது இங்கே இல்லை, என்று பதில் தந்திருக்கிறது. என் கருவியோ அந்தப் பிழையைத் தன் நிகழ்வுக் குறிப்புக் கோப்பில் (log) மட்டும் எழுதிவிட்டு, முகவரிடம் வெற்றுப் பட்டியலைக் கொடுத்திருக்கிறது.

இதில் முகவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெற்றுப் பட்டியலுக்கு மூன்று பொருள்கள் உண்டு: வழங்கி 304 என்று சொல்லி, சென்ற முறைக்குப் பின் ஓடை மாறவில்லை என்று தெரிவித்திருக்கலாம், ஓடை வந்தும் அதிலுள்ள அனைத்தும் ஏற்கெனவே படித்தவையாக இருக்கலாம், ஓடையை எடுக்கவே முடியாமல் போயிருக்கலாம். திரையைப் பார்க்கும் மனிதருக்கு ஓடையின் பெயருக்கு அருகே ஒரு சிவப்புக் குறி தெரிந்துவிடுகிறது. முகவருக்கோ நாம் எழுதிக் கொடுத்ததும் கருவி திருப்பித் தந்ததும் தவிர வேறு ஆதாரம் இல்லை.

முதலில் கருவியைத் திருத்தி, ஒவ்வொரு பதிலிலும் ஓடையின் கடைசி நிலையைச் சேர்த்தேன். பிறகு ஆவணத்துக்கு வந்தேன். "படிக்காத பதிவுகளைத் தரும்" என்று மட்டும் இருந்த பழைய வரி இப்போது இப்படி இருக்கிறது: "சேமிப்பில் உள்ள படிக்காத பதிவுகளை மட்டுமே தரும், இணையத்திலிருந்து புதிதாக எதையும் எடுக்காது. பட்டியல் வெறுமையாக இருந்தால் கடைசி நிலையைப் பார்க்கவும். அங்கே பிழை என்று இருந்தால், புதிய பதிவு இல்லை என்று பயனரிடம் சொல்லாமல், ஓடையை எடுக்க முடியவில்லை என்று சொல்லவும்." இந்த மூன்று வரிகளை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

அடுத்து எனக்கு இடறியது தேதிதான். ஓடைகளை எழுதும் வடிவங்களில் ஒன்றான ஆர்எஸ்எஸ் (RSS) 2.0-இல் பதிவின் தேதி கட்டாயம் இல்லை. தேதி தரப்பட்டிருந்தால், அது பழைய மின்னஞ்சல் பாணியில் இருக்கும். 2005-இல் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த ஆட்டம் (Atom) என்னும் மற்றொரு வடிவத்திலோ திருத்திய தேதி கட்டாயம், வெளியிட்ட தேதி விருப்பத்துக்குரியது. தேதி இல்லாத பதிவுகளுக்கு என் கருவி, எடுத்த நேரத்தையே தேதியாகப் போட்டுவந்தது. அப்படி ஓர் ஓடையைப் புதிதாகச் சேர்த்த அன்று, மூன்று ஆண்டுப் பழைய கட்டுரைகளையெல்லாம் முகவர் "இன்றைய செய்தி" என்று தொகுத்துத் தந்துவிட்டது. இப்போது வெளியிட்ட நேரம், திருத்திய நேரம், எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் புலங்களாக உலகப் பொது நேரத்தில் தருகிறேன். தெரியாத தேதி வெறுமையாகவே இருக்கும், ஊகித்து நிரப்பக் கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரு கட்டளை கேட்டதைத் தருவதோடு வேறு எதையெல்லாம் மாற்றிவிடும் என்ற பக்கவிளைவுகளை எழுதாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. முழு உரையைக் கேட்டாலே பதிவு படித்ததாகிவிடும் என்பது என் கருவியின் பழைய வழக்கம். மனிதருக்கு அது வசதி. சுருக்கம் எழுதுவதற்காக முகவர் இருநூறுக்கும் மேற்பட்ட பதிவுகளைத் திறந்து பார்க்க, நான் பின்னர் படிக்கலாம் என்று வைத்திருந்தவை அனைத்தும் பட்டியலிலிருந்து போய்விட்டன. அன்றே படிப்பதையும் குறிப்பதையும் இரண்டு கட்டளைகளாகப் பிரித்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடையில் வரும் உரை யாரோ எழுதியது. அதற்குள் "இந்த ஓடையைத் தவிர மற்றவற்றை நீக்கு" என்பது போன்ற ஏவல்கள் ஒளிந்திருக்க முடியும். பதிவின் உரையைத் தரவாகவே கொள்ள வேண்டும், கட்டளையாகக் கொள்ளக் கூடாது என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுத்தை மட்டும் நம்பியிருப்பது சரியன்று என்பதால், ஓடையை நீக்கும் கட்டளை பயனரின் ஒப்புதல் இல்லாமல் இயங்காதபடியும் செய்துவிட்டேன். இந்த எச்சரிக்கையை முதலில் தனிப் பக்கத்தில் வைத்திருந்தேன். முகவர் அந்தப் பக்கத்தைத் திறக்காமலேயே வேலையைத் தொடங்கிவிடுவதைக் கண்ட பிறகு, ஒவ்வொரு கட்டளையின் சுருக்க விளக்கத்திலும் அதை முதல் வரியாகக் கொண்டுவந்து வைத்தேன்.