துடிப்பு நீளமா, துடிப்புக் காலமா? பல்கான் முறைக்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம். அணுக்காந்த ஒத்ததிர்வு (என்எம்ஆர்) நிறமாலைய வச்சு புரதக் கரைசலோட செறிவை அளக்கற பல்கான் (PULCON, pulse length based concentration determination) முறைக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கற பேச்சுல, ஐயா முன்வச்ச 'துடிப்பு நீளச் செறிவளவை'ய பாத்தேன். செறிவளவை ரொம்ப நல்ல சொல், அப்படியே வச்சுக்கலாம், ஆனா அந்த 'நீளம்' மட்டும் வேணாம். லேப்ல எல்லாரும் பல்ஸ் லெங்த்னு தான் சொல்றோம், ஆனா அது ரேடியோ அலைத் துடிப்பு நீடிக்கற, மைக்ரோசெகண்டுல அளக்கற நேரம். நிறமாலைன்னு வந்த எடத்துல நீளம்னு சொன்னா படிக்கற பிள்ளைங்களுக்கு அலைநீளம் தான் ஞாபகம் வரும்.

இந்த முறைக்கு உயிரே அந்த நேரம்தான். 2006ல வைடரும் டிரையரும் வெளியிட்டது. புரோட்டானை 90 டிகிரி திருப்ப எவ்வளவு நேரம் துடிப்பு கொடுக்கணும்னு ஒவ்வொரு சாம்பிள் டியூபுக்கும் தனியா பாக்கறோம் இல்லையா, உப்பு அதிகமா இருக்கற பஃபர்ல துடிப்பை அனுப்பி சிக்னலையும் வாங்கற கம்பிச்சுருளோட (காயில்) திறன் கொறையும், அதனால நேரம் கூடும், எந்த விகிதத்துல கூடுதோ அதே விகிதத்துல திரும்பி வர்ற சிக்னலும் கொறையும். ஒரு டியூப்ல 8 மைக்ரோசெகண்டு, இன்னொண்ணுல 12னு வச்சுக்குங்க, செறிவு ஒண்ணாவே இருந்தாலும் ரெண்டாவதுல சிக்னல் மூணுல ரெண்டு பங்கு தான். நிறமாலைல சிக்னலோட பரப்பை அந்த நேரத்தால பெருக்கிட்டா சரியாயிடும். அப்புறம் அளவு தெரிஞ்ச ஏதோ ஒரு பொருள் தனி டியூப்ல இருந்தா போதும், ஒப்பிட்டு புரதத்தோட செறிவை எடுத்துடலாம், டிஎஸ்எஸ் மாதிரி ஒப்பீட்டுப் பொருள் எதையும் சாம்பிளுக்குள்ளயே போட வேணாம் (அது சில புரதத்தோட ஒட்டிக்கும், கணக்கே கெட்டுடும்).

280 நானோமீட்டர்ல ஒளி உறிஞ்சறத வச்சு அளக்கறவங்களுக்கு டிரிப்டோபானும் டைரோசினும் இல்லாத புரதம் வந்தா கையில ஒண்ணும் இருக்காது, புரதத்தோட ஒட்டி நிறம் மாறற பிராட்ஃபோர்டு சாயத்தோட அளவோ ஆர்ஜினைன் எவ்வளவு இருக்குங்கறத பொறுத்து மாறும். இங்க மெத்தில் சிக்னல் தெரிஞ்சாலே அளந்துடலாம், அதனாலதான் இந்த முறைக்கு நல்ல பேர் கெடைக்கணும்னு இவ்வளவு ஆசப்படறேன்.

செறிவுக்குப் பதிலா 'அடர்வு'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க, அது அடர்த்தி பக்கம் இழுக்கும், செறிவே இருக்கட்டும். காந்த ஒத்ததிர்வையும் பேர்ல சேக்கணுமான்னா தேவையில்ல, மூலப்பேர்லயும் அது இல்ல, ஒத்ததிர்வை இலங்கைல பரிவுன்னு வேற சொல்றாங்க, அந்த வழக்கு இங்க எதுக்கு.

என் பரிந்துரை: துடிப்புக்காலச் செறிவளவை. வாக்கியத்துல போட்டுப் பாத்தேன், "துடிப்புக்காலச் செறிவளவைப்படி இந்தப் புரதம் 0.4 மில்லிமோலார்." எனக்கு நாக்குல இடறல, உங்களுக்கு எப்படி இருக்கு?