இரண்டு முறை எடை பார்த்தார்கள்

நிழல்மரம்:
என் மகள் மாதம் நிறைந்துதான் பிறந்தாள். தராசில் 2.1 கிலோ. செவிலியர் அவளைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார், அதே 2.1. அப்புறம் என் பக்கம் திரும்பி, “வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது?” என்றார். என் சட்டை வாடையே சொல்லியிருக்கும். மனைவி கர்ப்பமாக இருந்த ஒன்பது மாதமும் பால்கனியில், கதவைச் சாத்திவிட்டுத்தான் பிடித்தேன். அது போதும் என்று நம்பினேன். இப்போது அவளுக்கு நாலு வயது, நன்றாக இருக்கிறாள். ஆனாலும் எந்தக் குழந்தையைப் பார்க்கப் போனாலும் “எடை எவ்வளவு?” என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை:
உங்களை நீங்களே இப்படி வதைத்துக்கொள்ளாதீர்கள். என் மாமனார் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பிடிப்பார், புகை என் அறை வரை வரும். மகன் 3.2 கிலோ. எடை குறைய ரத்தசோகை, ரத்த அழுத்தம் என்று எத்தனையோ காரணம் உண்டு.

இரவுப்பணி:
வெள்ளிக்கிழமை, உங்கள் மகன் 3.2 இருந்தான் என்பதற்காகப் புகையை விட்டுவிட முடியாது. நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. எட்டாம் மாதம் வரை லாரிகள் போகும் சாலையோரத்தில் வேலை. மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகும். மகன் 2.4. 2.5க்குக் கீழே போனால் எடை குறைவுதான். காரணம் அந்தச் சாலையா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கைக்குட்டை மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

தாயே புகைத்தால் சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைகிறது. பக்கத்தில் இருப்பவர் புகையால் குறைவது அதைவிடக் கம்மி, ஆனால் குறைகிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். நஞ்சுக்கொடிக்கு வர வேண்டியது எப்படி முழுசாக வரும்? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காக அங்கே தொழிற்சாலை, வாகனப் புகையைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த நாட்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மாரின் குழந்தைகள், முந்தைய, அடுத்த ஆண்டுக் குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல். எட்டாம் மாதம் என்று படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

கர்ப்பமாக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: புகைப்பவர்கள் இன்றே விடுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் விட்டவர்களின் குழந்தைகள், புகைக்காதவர்களின் குழந்தைகள் எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறார்கள். பிறகு விட்டாலும் பலன் உண்டு. கணவர் வெளியே பிடித்தாலும் சட்டையில், முடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். காற்று மோசமான நாளில் சன்னலைச் சாத்துங்கள், சாலையோர நடையைத் தவிருங்கள்.

வெள்ளிக்கிழமை:
புகை ஒன்றும் செய்யாது என்று நான் எழுதவே இல்லை. நாலு வருடமாக அந்த மனிதர் ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் தவிக்கிறார். அவருக்குத்தான் எழுதினேன்.