குடும்பக் குழு: பிளஸ் ஒன் கணக்கு

அம்மா (அஸ்தம்பட்டி): அண்ணா, யாழினியின் டியூஷனில் எடுத்த எடுப்பிலேயே வகையிடல் (டிஃபரன்சியேஷன்). நுழைவுத் தேர்வுக்கு அதுதான் முக்கியமாம், பாடநூலின் முதல் தொகுதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். இவள் தினமும் அழாத குறை.

மாமா (ஏற்காடு): எந்த இடத்தில் நிற்கிறாய், கண்ணு?

யாழினி: சூத்திரம் எல்லாம் மனப்பாடம் மாமா. ஒன்று பை எக்ஸை, சூத்திரம் போடாமல் முதல் கொள்கையிலிருந்து வகையிடச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது.

மாமா: எக்ஸை எச் என்ற சின்ன அளவு கூட்டு: ஒன்று பை (எக்ஸ் கூட்டல் எச்). அதிலிருந்து ஒன்று பை எக்ஸைக் கழி. பகுதியைச் சமமாக்கினால் மேலே மைனஸ் எச் மட்டும் மிஞ்சும். எச்சால் வகுத்தால் எச் அடிபடும். அதற்குப் பிறகுதான் எச்சைப் பூஜ்யத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசி வரி மட்டும்தான் நுண்கணிதம், மற்றதெல்லாம் பின்னக் கணக்கு.

யாழினி: மைனஸ் ஒன்று பை எக்ஸ் வர்க்கம்! வந்துவிட்டது மாமா.

சித்தி (டல்லாஸ்): இங்கே இதற்கென்றே ஒரு வருடம் ஒதுக்குகிறார்கள் அக்கா. பிரீகால்குலஸ் என்று பெயர். 2023-ல் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு இதை ஏபி பாடமாகவும் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கொண்டுவந்தது. பல்லுறுப்புச் சார்பு, அடுக்கு, மடக்கை (லாக்), முக்கோணவியல், துருவ ஆயம் எல்லாம் உண்டு. எந்தப் பாடமானாலும், இது மாறினால் அது எவ்வளவு மாறும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

அம்மா: நம் ஊரில் அப்படி ஒரு பாடமே இல்லையே?

மாமா: தனிப் பெயர்தான் இல்லை. பிளஸ் ஒன்னில் 12 அத்தியாயம். நுண்கணிதத்தின் தொடக்கமான எல்லை (லிமிட்) வருவது 9-ஆவதில்தான். அதற்கு முன்னால் இருப்பதைத் தாண்டிப் போகச் சொல்வது எனக்குக் கோபத்தையே வரவைக்கிறது. சார்புகளின் சேர்ப்பு, அதாவது ஒரு சார்புக்குள் இன்னொன்று இருப்பது, புரியாத பிள்ளை அதை வகையிடும் சங்கிலி விதியை எப்படிப் போடும்? சைனுக்குள் எக்ஸ் வர்க்கம் இருப்பது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

மாமா: கண்ணு, போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்துத் திற. கோண அலகை டிகிரியில் இல்லாமல் ரேடியனில் வைத்து சைன் 0.1 போட்டு 0.1-ஆல் வகு.

யாழினி: 0.998.

மாமா: இப்போது 0.01.

யாழினி: 0.99998. ஒன்றை நோக்கிப் போகிறது.

மாமா: அதையே டிகிரியில் போடு.

யாழினி: 0.01745 மாமா. எண்ணைச் சின்னதாக்கினாலும் அங்கேயே நிற்கிறது.

மாமா: அது பையை (π) 180-ஆல் வகுத்தால் வரும் எண். சைனை வகையிட்டால் வெறும் காஸ் வருவது ரேடியனில்தான். டிகிரியில் இந்த 0.01745 கூடவே ஒட்டிக்கொண்டு வரும். முக்கோணவியல் அத்தியாயத்தில் ரேடியனை வைத்தது இதற்காகத்தான்.

சித்தி: சராசரி மாறுவீதத்தையும் சொல்லுங்கள் அண்ணா. என் பையனுக்கு அதில்தான் பிடி கிடைத்தது.

மாமா: சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு 40 மீட்டர் ஏற்றம். ஆனால் அடிவாரம் வரை கிட்டத்தட்டச் சமதளம், 20 கொண்டை ஊசி வளைவும் அதற்கு மேல்தான். குறிப்பிட்ட ஒரு வளைவில் ஏற்றம் எவ்வளவு என்று கேட்டால் 40 உதவாது. அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். வகைக்கெழு அதுதான்.

அம்மா: அப்படியானால் டியூஷனை நிறுத்திவிடலாமா அண்ணா?

மாமா: போகட்டும். தினமும் ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடச் சொல். இரண்டாவது அத்தியாயத்திலிருந்து போவோம், மடக்கை அங்கேதான் இருக்கிறது.

யாழினி: சரி மாமா. மடக்கை விதிகளை இன்றே எழுதிப் பார்க்கிறேன்.